எழுத்துக்கு அழகு செய்த ஜோன் பாஸ்கர்வில்

நூலொன்றைக் கையிலெடுத்து வாசிப்போர் அதனை இயற்றிய ஆசிரியரை நினைப்பர், உரைகண்டவரை நினைப்பர், சிலவேளை பதிப்பித்தவரையும் நினைப்பர். ஆனால், ஏட்டிலே கறுப்பாகத் தோன்றும் எழுத்துக்களுக்கு வடிவங் கொடுத்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்போர் ஆயிரத்தில் ஒருவர்தாமும் இலர். விளக்கொளியிலே படிப்பவன் ஏட்டை நோக்குகிறானேயன்றித் திரியை நோக்குவதில்லை. திரி புகைந்து கண்ணைக் கரித்தால் மாத்திரமே அதன் நினைவு அவனுக்கு வரும். நல்ல அச்செழுத்தின் நிலையும் அத்தகையதே. அது தன் கடமையைச் செவ்வனே செய்யுங்காலை ஒருவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை.

அவ்வாறு புலப்படாத் தொண்டு செய்த ஒருவருடைய வரலாற்றையே நாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் அரசரல்லர், படைத்தலைவரல்லர், பெரும் புலவருமல்லர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து தேசத்துப் பேர்மிங்காம் நகரிலே வாழ்ந்த கைவினையாளர். ஆங்கில அச்செழுத்துக்குப் புதிய வடிவம் வகுத்து, அதனால் தம் நாட்டிலே பெரும்பயன் யாதும் பெறாது மறைந்து, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர் மீண்டும் புகழ் பெற்றவர். அவர் பெயர் ஜோன் பாஸ்கர்வில்.

வூஸ்டர்சயர் மாகாணத்தில் வுல்வலி என்னும் சிற்றூரிலே பாஸ்கர்வில் பிறந்தார். 1707ஆம் ஆண்டு தை மாதம் 28ஆந் திகதி அவ்வூர்த் தேவாலயத்திலே அவருக்கு ஞானஸ்நானம் செய்யப்பட்டது. இளமையிலேயே அவர் பேர்மிங்காம் நகரையடைந்தார். அக்காலத்துப் பேர்மிங்காம், இரும்பும் பித்தளையும் கொண்டு பொத்தான், கொளுவி, கத்தி முதலியன செய்யுங் கம்மியர் நிறைந்த ஊர். கைத்திறன் உடையவன் எவனும் அங்கே பிழைத்துக்கொள்ளலாம். பாஸ்கர்வில்லிடம் இருந்த கைத்திறன் எழுத்துத் திறனாகும். சிறுவருக்கு அழகாக எழுதப் பழக்கும் ஆசிரியராக அவர் வாழ்க்கையைத் தொடங்கினார். கல்லறைகளுக்கு வேண்டிய கற்களில் எழுத்துப் பொறிக்கும் வேலையையும் உடன் செய்தார். தம் தொழிலை அறிவித்தற்பொருட்டு அவர் செதுக்கிய சிறு கற்பலகையொன்று பேர்மிங்காம் நகர நூலகத்திலே பாதுகாக்கப்பட்டு வருகின்றது. பலவகை எழுத்து வடிவங்களை அச்சிறு பலகையிலேயே அவர் அமைத்துக் காட்டியுள்ளார். பிற்காலத்துப் பெருமரத்தின் வித்தினை நாம் அங்கே காண்கின்றோம்.

எழுத்துத் தொழில் வயிற்றை நிரப்பப் போதியதாக இல்லை. ஆகவே 1740ஆம் ஆண்டையொட்டி அவர் வேறொரு தொழிலிற் புகுந்தார். கீழைத் தேசத்து அரக்குப் பூச்சுப் பொருள்களின் மீது ஐரோப்பியச் செல்வர் பேராசை கொண்டிருந்த காலமது. தேநீர்த் தட்டம், பெட்டி முதலியவற்றைத் தகட்டினாற் செய்து, யப்பானிய முறையைப் பின்பற்றி மினுமினுக்கும் பூச்சிட்டு, மலரும் கனியும் தீட்டி விற்பதே அத்தொழில். 1742இல் இது சம்பந்தமாக அரசாங்க உரிமைப் பத்திரமும் பெற்றார். செல்வம் பெருகிற்று. 1745இல் நகரின் புறத்தே எட்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று அழகிய இல்லமொன்றைக் கட்டி, அதற்கு ஈசி ஹில் எனப் பெயரிட்டார். பொற்சரிகை தைத்த உடையணிந்து, பக்கப் பலகையெல்லாம் சித்திரந் தீட்டிய வண்டியிலே அவர் உலா வருவதை ஊரார் வியந்து நோக்கினர்.

இந்நிலையில் வேறொருவராயின் மீதி நாளைச் சுகமாகக் கழித்திருப்பர். பாஸ்கர்வில் அவ்வாறு செய்தாரல்லர். இளமையில் உள்ளத்திற் குடிகொண்ட எழுத்தாசை அவரை விட்டு நீங்கவில்லை. 1750ஆம் ஆண்டளவில், நாற்பது வயது கடந்த பின்னர், அரக்குத் தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு அச்செழுத்துச் செய்யும் வேலையைத் தொடங்கினார்.

அக்காலத்தில் ஓர் அச்செழுத்து உருவாகும் முறையை வாசகர் அறிதல் நன்று. முதலில் உருக்குக் கோலொன்றின் நுனியிலே எழுத்தை இடம்வலமாக மாற்றிப் புடைப்பாகச் செதுக்குவர். அவ்வுருக்கைக் காய்ச்சித் தோய்த்து வலிதாக்கிச் செப்புத் துண்டொன்றின் மேல் வைத்து அடிப்பர். செம்பிலே எழுத்து பள்ளமாகப் பதியும். அச்செம்பை வார்ப்புக் கருவியிற் பொருத்தி, ஈயமும் வெள்ளீயமும் அந்திமனியும் கலந்த குழம்பை வார்த்தால் ஓர் எழுத்துப் பிறக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சாய்ந்த எழுத்து, எண்கள், குறிகள் என ஒவ்வோர் அளவுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட உருக்கு முளைகள் வேண்டும். ஒரு முளையில் மயிரிழை பிழைத்தாலும், அது நூல் முழுவதிலும் ஆயிரமாயிரம் முறை பிழையாகத் தோன்றும். பாஸ்கர்வில் வடிவத்தை வகுக்க, ஜோன் ஹன்டி என்னுந் திறமைமிக்க தொழிலாளி உருக்கிலே செதுக்கினார். தம் மனதுக்கு இசைந்த எழுத்தொன்று பிறக்கு முன்னரே பாஸ்கர்வில் பல நூறு பவுண் செலவு செய்துவிட்டார் என்று அக்காலத்தார் பேசிக்கொண்டனர். அவரோ மனந் தளரவில்லை.

அவர் செய்த எழுத்தின் தன்மை யாது? ஆங்கில எழுத்தின் கோடுகளின் முனையிலே சிறு பாதம்போல ஒரு குறுங்கோடு அமைந்திருக்கும். அதனை அச்சாளர் செரிப் என்பர். பாஸ்கர்வில்லுக்கு முன்பு இங்கிலாந்திலே பெருவழக்காயிருந்தவை இலண்டன் நகரத்து வில்லியம் கஸ்லன் வார்த்த எழுத்துக்கள். அவை உறுதியும் அன்னியோன்னியமும் உடையன. ஆயினும் சற்றுத் தடித்து, ஒருபுறஞ் சாய்ந்த நிழல் கொண்டன. பாஸ்கர்வில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையே வேற்றுமையை மிகுத்தார். செரிப்பைக் கூரியதாக்கினார். வட்ட எழுத்துக்களை உண்மையான வட்டத்துக்கு அண்மையாக்கி, அவற்றின் தடிப்பு நேர்நிலையிற் பொருந்துமாறு செய்தார். சிறிய ஜீ எழுத்தின் கீழ்க்கண்ணை மூடாது திறந்துவிட்டார். கியூ எழுத்துக்கு நடனமாடுபவரின் சேலைத் தலைப்புப் போன்ற வாலொன்றைக் கொடுத்தார். இறகுப் பேனாவை அழுத்தியும் தளர்த்தியும் எழுதும் எழுத்தாசிரியரின் கையசைவே உருக்கிலும் ஈயத்திலும் பதிந்தது எனலாம். பழைய வடிவத்துக்கும் பின்னர் இத்தாலியிலும் பிரான்சிலும் தோன்றிய புது வடிவத்துக்கும் நடுவே நிற்பதால், இவ்வெழுத்தை இடைநிலை வகையென வல்லுநர் வகுத்துள்ளனர்.

எழுத்து மாறியதும் ஏனையவும் மாறவேண்டியனவாயின. அந்நாட் கடதாசி, கம்பிச் சட்டத்தில் வார்க்கப்பட்டமையால் வரிவரியான தழும்புடையது. மெல்லிய கோடு அத்தழும்பில் விழுந்தால் உடைந்துபோம். ஆகவே நெய்த கம்பி வலையில் வார்த்த வழுவழுப்பான கடதாசியை அவர் பயன்படுத்தினார். அதனைச் செய்தளித்தவர் கெந்த் மாகாணத்து ஜேம்ஸ் வட்மன். வழக்கிலிருந்த மை நரைத்துத் தோன்றியது. ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி நெடுநாள் ஆறவைத்து, நுண்ணிய கரி சேர்த்து, நீலமேகம்போற் கறுத்து மினுங்கும் மையைத் தாமே செய்தார். அச்சியந்திரத்தின் தட்டுக்கள் கோணலின்றிச் சமமாகப் பொருந்துமாறு அதனையும் திருத்தினார். அச்சான தாள்களைச் சூடேற்றிய செப்புத் தகடுகளின் நடுவே வைத்து அழுத்தி மெருகேற்றினார். தகட்டுக்கு மெருகூட்டிப் பழகிய கை கடதாசிக்கும் மெருகூட்டியது. எக்கலையும் வீண்போவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஏழாண்டு முயற்சியின் பயனாக 1757இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அது இலத்தீன் மகாகவி வேர்ஜிலின் பாடற்றொகுதி. பக்கத்திலே பூவேலையில்லை, சித்திரமில்லை. அகன்ற வெற்றிடத்தின் நடுவே அளவாக விலக்கி நிறுத்திய எழுத்துக்கள் மாத்திரமே இருந்தன. அணியின்றியே அழகு செய்யலாம் என்னும் உண்மையை அந்நூல் நிலைநாட்டிற்று. அமெரிக்க அறிஞரும் தாமே அச்சுத்தொழிலாளருமாகிய பெஞ்சமின் பிராங்கிளின் ஆறு பிரதிகளுக்குக் கையொப்பமிட்டார். அடுத்த ஆண்டு மில்டனுடைய காவியம் வந்தது. ஐரோப்பாவெங்கணும் நூலறிவுடையோர் புகழ்ந்தனர்.

இலண்டன் நகரத்துப் புத்தக வியாபாரிகளோ புகழவில்லை. இந்த மெல்லிய கோடுகளும் மினுங்குங் கடதாசியும் கண்ணைக் கெடுத்துவிடும் என்றுங் குறைகூறினோர் பலர். இதுபற்றிப் பிராங்கிளின் 1760இல் எழுதிய கடிதமொன்று கூறுஞ் சம்பவம் நாம் என்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. கனவான் ஒருவர் பாஸ்கர்வில் எழுத்தைப் படித்தால் தமக்குக் கண் நோகின்றதென அவரிடஞ் சாதித்தார். பிராங்கிளின் உள்ளே சென்று, கஸ்லன் எழுத்துக்களின் மாதிரித் தாளை எடுத்து, மேலேயிருந்த கஸ்லன் பெயரைக் கிழித்துவிட்டு, இதுவே பாஸ்கர்வில் எழுத்து எனக் கூறிக் கொடுத்தார். அக்கனவான் அத்தாளின் ஒவ்வோர் எழுத்திலும் குறை கண்டார். படிக்கப் படிக்கக் கண் வலிக்கின்றதென்றார். அவர் வாழ்நாளெல்லாம் நோவின்றிப் படித்து வந்ததோ அந்தக் கஸ்லன் எழுத்தையே! கண்ணிலே இல்லாத நோய் மனத்திலே இருந்தது. தொழிலைப் பாராது பெயரைப் பார்த்துத் தீர்ப்புக் கூறும் வழக்கம் அன்றும் இருந்தது; இன்றும் ஒழிந்ததன்று.

1758இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை பாஸ்கர்வில்லைத் தன் அச்சாளருள் ஒருவராக நியமித்தது. வேதாகமத்தையும் பிரார்த்தனை நூலையும் அச்சிடும் உரிமை இதனாற் கிடைத்தது. ஆயின் பிரார்த்தனை நூலின் ஒவ்வோர் ஆயிரம் பிரதிக்கும் சர்வகலாசாலைக்குப் பணஞ் செலுத்தவேண்டியிருந்தது. 1763இல் வெளிவந்த பெரிய வேதாகமம் அவர் அச்சிட்டவற்றுள் தலைசிறந்ததென எல்லாரும் ஒப்புவர். 1250 பிரதிகள் அச்சிட்டார். ஒரு பகுதி விலைபோகாது கிடந்து, பின்னர் வியாபாரி ஒருவருக்குக் குறைந்த விலைக்குக் கைமாறிற்று. இதில் வியப்பொன்று உண்டு. பாஸ்கர்வில் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றவரல்லர், அதனை மறைத்தவருமல்லர். எனினும் அச்சபையின் நூலைச் செய்யப் புகுந்தபோது தம் உழைப்பில் ஒரு சிறு துளியையேனும் அவர் குறைத்துக்கொண்டாரில்லை. ஏற்ற வேலைக்கு வஞ்சகஞ் செய்யாமையே கைவினையாளனுடைய அறம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் குறையற்றவர் என நாம் கூறவரவில்லை. தற்பெருமை மிக்கவர், எளிதிற் சினங்கொள்பவர். ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையின் பொருட்டு அவர் செய்த கிரேக்க எழுத்துக்கள் அழகுமின்றி வசதியுமின்றித் தோல்வியாகவே முடிந்தன. தாம் பழகாத எழுத்தின் உயிரை அவர் கை அறியவில்லை.

அவர் இல்வாழ்வும் ஊரார் வாய்க்கு இரையாயிற்று. சாரா ஈவ்ஸ் என்னும் பெண்மணியைக் கணவன் மோசடி வழக்கிற் சிக்கிக் கைவிட்டு ஓடிப்போனான். பிள்ளைகளோடு ஆதரவற்று நின்ற அவ்வம்மையார் ஈசி ஹில் மனையைப் பராமரிக்க வந்தார். காலப்போக்கில் பாஸ்கர்வில்லுக்கு வாழ்க்கைத் துணையானார். முதற் கணவன் உயிரோடிருந்தமையால் அந்நாட்டுச் சட்டப்படி மணஞ்செய்ய வழியில்லை. பல்லாண்டு ஏச்சும் பேச்சும் பொறுத்து, 1764இல் அவன் இறந்ததும் சில வாரங்களுள் இருவரும் முறைப்படி மணந்துகொண்டனர். அவர்களுக்குப் பிறந்த ஆண்குழந்தை இளமையிலேயே இறந்தது. அச்சுக்கூட வேலையிலே சாரா அம்மையார் கணவருக்குத் தோள்கொடுத்து நின்றார்.

செலவு மிக, வரவு குறைய, பாஸ்கர்வில் மனம் நொந்தார். தம் எழுத்துக்களையும் உருக்கு முளைகளையும் விற்றுவிட முயன்றார். பிராங்கிளின் வாயிலாகப் பிரான்சு தேசத்தாரையும் வினாவினார். 8000 பவுண் கேட்டுப் பின் 6000க்கு இறங்கியும் வாங்குவாரில்லை. அச்சுக்கூடத்தைச் சில ஆண்டுகள் தம் வேலையாளர் ஒருவர் பொறுப்பில் விட்டுவைத்தார். ஆயினும் அறுபது வயது கடந்தபின் மீண்டும் யந்திரத்தருகே வந்தார். 1770இல் ஹொரேசு, 1772இல் லுக்ரீசியசு, 1773இல் இத்தாலியக் கவி அரியொஸ்தோ என அடுத்தடுத்து அரிய பதிப்புக்கள் வந்தன. 1774இல் வைத்தியர் வில்லியம் ஹன்டரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலும் அவர் அச்சுக்கூடத்திலிருந்தே வெளிவந்தது. விற்க முடியாத எழுத்தை வேலை செய்யவேனும் விடுவோம் என்று எண்ணினார் போலும்.

1775ஆம் ஆண்டு தை மாதம் 8ஆந் திகதி பாஸ்கர்வில் காலமானார். அவர் விருப்பப்படியே உடல் தேவாலய நிலத்திற் புதைக்கப்படாது, அவருடைய தோட்டத்திலிருந்த கூம்புக் கட்டடமொன்றின் கீழ் அடக்கஞ் செய்யப்பட்டது. சாரா அம்மையார் சில காலம் எழுத்து வார்ப்பை நடத்திவந்தார். 1779இல் பிரான்சு தேசத்து நாடகாசிரியர் போமார்ஷே 3700 பவுண் கொடுத்து எழுத்துக்களை வாங்கினார். வோல்டயர் என்னும் பேரறிஞரின் நூல்களனைத்தையும் அச்சிடுதல் அவர் நோக்கம். பிரான்சிலே அந்நூல்கள் பல தடைசெய்யப்பட்டிருந்தமையின், றைன் நதிக்கு அப்பால் ஜெர்மன் மண்ணிலுள்ள கேல் என்னும் ஊரிலே அச்சுக்கூடம் அமைத்தார். 1784 முதல் 1789 வரை எழுபது பாகங்கள் வெளிவந்தன. இங்கிலாந்து வேண்டாமென்ற எழுத்து, பிரான்சு தேசத்தின் சிந்தனைப் புரட்சிக்கு உடலாயிற்று.

அவர் இல்லமும் உடலும் அமைதி பெறவில்லை. 1791இல் நடந்த மதக் கலகத்திலே ஈசி ஹில் மனை தீக்கிரையாயிற்று; அப்போது அது வேறொருவர் உடைமை. அந்நிலத்திலே வாய்க்கால் வேலைக்காக மண் அகழ்ந்தபோது அவருடைய ஈயப் பெட்டி வெளிப்பட்டது. 1821இல் அதனைத் திறந்து காட்சிப் பொருளாக்கினர். பின்னர் தேவாலயமொன்றின் நிலவறையிலே மறைவாக வைத்தனர். அத்தேவாலயம் இடிபட, 1898இல் வோஸ்டன் லேன் மயானத்துக்கு மாற்றினர். எழுத்தும் அலைந்தது, எழுத்தைச் செய்தவரும் அலைந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அவரை மறந்தது. இருபதாம் நூற்றாண்டிலே அமெரிக்க நூற்கலைஞர் புரூஸ் றொஜர்ஸ் அவ்வெழுத்தின் அருமையை மீண்டுங் கண்டார். 1923இல் இங்கிலாந்தின் மொனோடைப் நிறுவனம் அதனைப் புதுப்பித்து யந்திர வார்ப்புக்கு அமைத்தது. அன்றுதொட்டு எண்ணிறந்த ஆங்கில நூல்கள் அவ்வெழுத்திலேயே அச்சாயின. 1953இல் உருக்கு முளைகளைப் பிரான்சு தேசத்து எழுத்துவார்ப்பாளர் சார்ள்ஸ் பெய்ஞோ கேம்பிரிட்ஜுக்கு நன்கொடையாக அளித்தார். ஒருகால் பணம்பெற்று உரிமை வழங்கிய சர்வகலாசாலையே இன்று அவற்றைப் பொக்கிஷமெனக் காத்துவருகின்றது. 1996இல் சுசானா லிக்கோ என்னும் எழுத்துக் கலைஞர் இவ்வடிவத்தைத் தழுவித் தாம் வரைந்த புதிய எழுத்துக்குச் சாரா அம்மையாரின் முதற் பெயரை நினைந்து மிசிஸ் ஈவ்ஸ் எனப் பெயரிட்டார். ஊரார் ஏளனத்தோடு உச்சரித்த பெயர் இன்று கணினிகளில் மதிப்போடு வாழ்கின்றது.

இவ்வெழுத்து எதற்கு ஏற்றது என்பாருக்கு ஒரு சொல். நீண்ட நேரம் அமைதியாகப் படிக்கவேண்டிய நூலுக்கு இது பெரிதும் உகந்தது. வரிகளின் இடையே தாராளமாக இடம்விட்டு, நல்ல கடதாசியில் அச்சிட்டால் அதன் முழு அழகும் தோன்றும். தலைப்புக்களிலே பெரிய எழுத்துக்களை விலக்கி நிறுத்தினால் கம்பீரமாயிருக்கும். கனடா அரசாங்கத்தின் பெயர்ச் சின்னம் இவ்வெழுத்தைச் சிறிது மாற்றி அமைத்ததே. முரட்டுக் கடதாசியில் மிகச் சிறிய அளவில் அச்சிட்டாலோ, மெல்லிய கோடுகள் மறைந்து எழுத்து நலிந்துபோம். நல்லதையும் இடமறிந்தே பயன்படுத்தல் வேண்டும்.

பேர்மிங்காம் நகரிலே அவர் இல்லம் இருந்த இடத்தருகே இன்று அவர் பெயராலேயே ஒரு பெருமாளிகை விளங்குகின்றது. அதன் முன்றிலில் 1990ஆம் ஆண்டு அமைத்த கற்சின்னம் ஒன்று உண்டு. உருக்கு முளைகளின் வடிவிலே வெண்கற்கள் வரிசையாக நிற்கின்றன; ஒவ்வொன்றின் முகத்திலும் ஓர் எழுத்து, அச்சிலுள்ளவாறே மாறிக் காணப்படுகின்றது. சேர்த்துப் படித்தால் அவருடைய முதல் நூலின் கவிஞர் பெயராகிய வேர்ஜில் என்பது வரும். சிலை வைக்கவில்லை, எழுத்தை வைத்தனர். அதுவே தகும்.

இளைஞர்கள் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றை உள்ளத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகின்றோம். செய்யும் பணி சிறிதென்று எண்ணி மனஞ்சோரற்க. பார்ப்பவர் இல்லையென்று கருதி அதனை அரைகுறையாக விடுதலும் ஆகாது. ஓர் எழுத்தின் நுனியிலுள்ள சிறு கோட்டைத் திருத்துவதற்கு ஒருவர் தம் செல்வத்தையும் நடுவயதையும் கொடுத்தார். அவர் பெற்ற கூலி ஏளனம். நாமோ இன்று ஆங்கில நூலொன்றைக் கண்நோவின்றிப் படிக்குந்தோறும், அறியாமலே அவருக்குக் கடன்படுகின்றோம். அடுத்த முறை நூலைத் திறக்கும்போது, பொருளிற் புகுமுன், எழுத்தின்மேற் கணப்பொழுது கண்ணை நிறுத்துவோமாயின் அக்கடனில் ஒரு சிறு பங்கேனுந் தீரும்.